முப்பது பேருக்குத் தர்பூசணி நுங்கு சர்பத்: முதல் முறை செய்பவர்களுக்கு

சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டு விசேஷத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டால், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது குடிக்க ஏதாவது. சாப்பாடு அரை மணி தாமதமானால்கூட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெயிலில் பைக்கில் வந்தவர் கையில் ஐந்து நிமிடத்துக்குள் ஜில்லென்று ஒரு டம்ளர் போய்ச் சேர வேண்டும். நிறைய வீடுகளில் இதற்காக இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் நாலைந்து வாங்கி வைத்துவிடுகிறார்கள். திண்டிவனம், மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கமிருந்து லாரி லாரியாகத் தர்பூசணி இறங்குகிற மாதத்தில், தெருமுனையில் மூன்று சக்கர வண்டியில் நுங்கு வெட்டிக் கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு பாட்டிலைத் திறப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கு ஜூஸ் போடுவதும் முப்பது பேருக்குப் போடுவதும் வேறு வேறு வேலை. இரண்டு பேருக்கு என்றால் பழத்தையும் ஐஸையும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று, முடிந்தது. அதையே பத்து மடங்காக்கி ஒரு அண்டாவில் ஊற்றி ஐஸைக் கொட்டினால், கால் மணி நேரத்தில் சக்கை அடியில் போய்ப் படிந்து, மேலே வெளிறிய இனிப்புத் தண்ணீர் நிற்கும். கடைசியில் வருகிறவருக்கு அதுதான் கிடைக்கும். அதனால் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். குளிர்ச்சி முக்கால்வாசி பழத்திலிருந்தே வர வேண்டும். கலப்பது கடைசி கால் மணி நேரத்தில் நடக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் கைவேலைதான், பத்து வயதுப் பிள்ளைகள்கூடக் கூடமாட உதவலாம்.

ஏன் தர்பூசணி என்று கேட்பீர்கள். சாத்துக்குடி கூட்டத்துக்கு ஆகாது. பிழிந்த உடனே இனிக்கும், வைத்திருந்தால் கசக்கும்: பழத்தின் சவ்வில் இருக்கிற கசப்பில்லாத ஒரு பொருள், பிழிந்த பிறகு சாற்றின் புளிப்பு பட்டு மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தக் கசப்பு அடங்காது. மாம்பழ மில்க்‌ஷேக் பால் சேர்ந்தது, இந்த வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் பயந்துகொண்டே இருக்க வேண்டும், அதோடு குடித்தவுடன் வயிறு நிறைந்து சாப்பாடு இறங்காது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாசனையில் அதை அடிக்க வேறு பழம் இல்லை, ஆனால் வேகவைத்து மசித்து வடிகட்டி ஆறவைப்பதற்குள் புதிதாகச் செய்கிறவருக்குக் கை ஓய்ந்துவிடும். தர்பூசணிக்கு அடுப்பே வேண்டாம். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், விலையும் கையைக் கடிக்காது. அதற்கு இல்லாதது வாசனையும் புளிப்பும். வாசனையை நன்னாரியும் புளிப்பை எலுமிச்சையும் கொடுக்கும். வாயில் கடிபட ஒன்று வேண்டுமே, அதற்கு நுங்கு.

அளவு

முப்பது பேர், ஆளுக்கு 200 மில்லி டம்ளரில் ஒன்றரை டம்ளர் என்று வைத்தால் 9 லிட்டர் வேண்டும். சிலர் ஒன்றோடு நிறுத்துவார்கள், சிலர் மூன்று கேட்பார்கள், சராசரி இப்படித்தான் வரும். மதிய வெயிலில் வெளியே நடக்கிற விசேஷம் என்றால் ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

9 லிட்டருக்கு வாங்க வேண்டியது: தர்பூசணி 12 கிலோ, அதாவது நாலு கிலோ பழமாக மூன்று. நுங்கு மூன்று டஜன் சுளை. எலுமிச்சை பெரியதாக இருந்தால் 15, சின்னது என்றால் 20, மொத்தத்தில் 350 மில்லி சாறு வர வேண்டும். நன்னாரி சிரப் 700 மில்லி. உப்பு மட்டமாக இரண்டு டீஸ்பூன். நல்ல குடிநீர் ஒன்றரை லிட்டர், ஃபிரிட்ஜில் குளிரவைத்தது.

12 கிலோ பழத்தில் தோல் போனால் ஏழு கிலோ அளவுக்குச் சதை தேறும். அதில் ஒன்றரை கிலோவை உறைய வைக்கப் போகிறோம், மிச்சத்தை அடித்து வடித்தால் நாலரை லிட்டர் சாறு கிடைக்கும். இதில் சர்க்கரை தனியாகச் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள், நன்னாரி சிரப்பில் இருக்கிற சர்க்கரையே போதும்.

வாங்கும்போது

தர்பூசணியை முதல் நாள் மதியமோ மாலையோ வாங்கிவிடுங்கள். கோயம்பேடு போனால் விலை குறையும், ஆனால் மூன்று பழத்துக்காக அங்கே போய் வருவது வீண் அலைச்சல், ஜிஎஸ்டி சாலையிலும் ஈசிஆரிலும் தார்ப்பாய் போட்டுக் குவித்து வைத்திருப்பவர்களிடமே நல்ல பழம் கிடைக்கும். பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தரையில் கிடந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அது நல்ல மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே பழுத்தது, வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. ஒரே அளவில் இரண்டு பழத்தைத் தூக்கிப் பார்த்து எது கனமோ அதை எடுங்கள். தோல் பளபளப்பாக மின்னுவதைவிட மங்கலாக இருப்பது நல்லது. தட்டிப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, பழகாத காதுக்கு அதில் வித்தியாசம் தெரியாது, முதல் முறை வாங்குகிறவர்கள் தழும்பையும் கனத்தையும் நம்பினால் போதும். பாதியாக வெட்டி வைத்த பழத்தை மட்டும் வாங்க வேண்டாம்.

2025 கோடையில் தர்பூசணிக்குள் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, விற்பனை படுத்து, விவசாயிகள் ரொம்பவே அடிபட்டுப் போனார்கள். இன்னமும் அதை நம்பிப் பழத்தைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி, தக்காளிக்குச் சிவப்பு தருவதும் அதுதான். டிஷ்யூ பேப்பரால் துடைத்ததும் சிவப்பு ஒட்டுகிறதே என்று பதறாதீர்கள், நல்ல பழத்தின் சாறும் அப்படித்தான் ஒட்டும். வெட்டியதும் புளித்த வாடை வந்தாலோ சதை கொழகொழவென்று வழுக்கினாலோ நுரைத்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். நடுவில் வெடிப்பு விட்டிருந்தால் பரவாயில்லை, அது கெட்டுப்போன அடையாளம் இல்லை.

நுங்கு விசேஷத்தன்று காலையில்தான். முதல் நாளே வாங்கி வைத்தால் இந்தச் சூட்டில் புளித்துவிடும். "அண்ணே, சர்பத்துக்கு வேணும், இளசா குடுங்க" என்று சொன்னாலே வண்டிக்காரருக்குப் புரிந்துவிடும். விரலால் லேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும், உள்ளே தண்ணீர் தளும்புவது தெரிய வேண்டும். தேங்காய்ப் பத்தை மாதிரி கெட்டியாக இருந்தால் முற்றல், குழந்தைகளுக்கு வயிற்று வலி வரும், வேண்டாம். சீசன் முடிந்து நுங்கு கிடைக்கவில்லையென்றால் மூன்று டேபிள்ஸ்பூன் சப்ஜா விதையை ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள். அதுவும் நன்றாகவே இருக்கும், நுங்கின் சுகம் வராது.

எலுமிச்சையில் மெல்லிய தோல், மஞ்சள் நிறம், கையில் எடுத்தால் கனம். நம் ஊருக்கு ஆந்திராவின் கூடூரிலிருந்தும் தெற்கே புளியங்குடியிலிருந்தும் வருகிறது. கோடையில் விலை ஏறுமே என்று யோசித்துப் பாட்டில் எலுமிச்சைச் சாறு வாங்கப் போகாதீர்கள், இந்த சர்பத்துக்கு அந்த வாசனை ஒட்டவே ஒட்டாது.

நன்னாரி சிரப்

கடையில் பாட்டிலாகக் கிடைக்கிறது. நேரமில்லாதவர்கள் தாராளமாக அதை வாங்கலாம், லேபிளில் நன்னாரி வேர்ச் சாறு என்று போட்டிருக்கிறதா, வெறும் எசன்ஸா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஒரு தடவை வீட்டில் காய்ச்சிப் பாருங்கள். மூடியைத் திறந்தவுடன் வருகிற அந்த மண்வாசனைக்குக் கடைச் சரக்கு கிட்டவே வராது, வேலையும் ராத்திரி பத்து நிமிடம், காலையில் இருபது நிமிடம், அவ்வளவுதான்.

நன்னாரி வேர் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கும். பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருப் பக்கம் போனால் புதிதாக வந்த வேராகப் பார்த்து வாங்கலாம். 50 கிராம் போதும். மண் போகக் கழுவி, சின்ன உரலில் லேசாகத் தட்டுங்கள். மேல்பட்டை விண்டு, நடுவில் வெள்ளையாக ஒரு குச்சி நிற்கும், அந்தக் குச்சியை எறிந்துவிடலாம், வாசனை முழுக்கப் பட்டையில்தான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, பட்டையைப் போட்டு, மூடி இறுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிடவே கூடாது, வாசனை ஆவியோடு சேர்ந்து சமையலறைக்குப் போய்விடும், பாத்திரத்தில் வெறும் துவர்ப்புதான் மிஞ்சும். காலையில் துணியில் வடித்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் கரையவிட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஒரு மூடி எலுமிச்சை பிழியுங்கள். இந்தப் புளிப்பு சர்க்கரை திரும்பக் கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். கடைச் சிரப் மாதிரி கருஞ்சிவப்பாக வராது, வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும், கடைக்காரர்கள் நிறம் சேர்க்கிறார்கள். நன்றாக ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 700 மில்லி போக மிச்சமும் இருக்கும், அந்த வாரம் முழுக்க எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே இந்த வேலையை முடித்துவிட்டால் நிம்மதி.

முதல் நாள் ராத்திரி

முழுப் பழத்தை ஃபிரிட்ஜில் திணித்து வைப்பதில் பயனில்லை. இடத்தை அடைக்கும், நடுப்பகுதி குளிர ஒரு நாள் ஆகும். வெட்டித்தான் வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் தோலை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தேங்காய் நார் இருந்தால் அதாலேயே தேய்க்கலாம். தோலைத்தான் சாப்பிடப் போவதில்லையே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தரையிலும் லாரியிலும் புரண்ட பழம் அது, கத்தி தோலைக் கடந்து சதைக்குள் போகும்போது மேலே இருந்த அழுக்கும் கிருமியும் கூடவே உள்ளே போகும். கத்தி, பலகை, கை மூன்றும் சுத்தமாக இருக்கட்டும், வெங்காயம் நறுக்கின பலகையில் பழத்தை வைக்காதீர்கள், சாறு முழுக்க அந்த வாடை ஏறிவிடும்.

சதையைப் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். நல்ல சிவப்பான நடுப்பகுதியில் ஒன்றரை கிலோ எடுத்து, விதை நீக்கி, ஒரு அங்குலத் துண்டுகளாக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இந்தத் துண்டுகள்தான் நாளைக்கு உங்கள் ஐஸ். கரையக் கரைய சர்பத்தில் பழச்சாறுதான் சேரும், தண்ணீர் சேராது. முப்பது பேருக்குச் செய்கிற இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். கடைசி டம்ளரும் முதல் டம்ளர் ருசியிலேயே இருக்கும்.

மிச்சச் சதை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்களில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். இடம் பத்தவில்லையென்றால் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் கேட்டு வாங்குங்கள், சர்பத் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோஷம். ஒன்றரை லிட்டர் குடிநீரையும் பாட்டிலில் ஊற்றிக் குளிரவைத்துவிடுங்கள், கேன் தண்ணீரோ கொதிக்கவைத்து ஆறின தண்ணீரோ எதுவானாலும் சரி.

ஐஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறைந்த பழத்துண்டு போதும் என்றாலும் வெயில் கடுமையாக இருக்கிற நாளில் கொஞ்சம் ஐஸ் கேட்பார்கள். அதைக் குடிநீரில் நீங்களே உறைய வையுங்கள், ஐஸ் டிரேயைவிடச் சின்ன டிபன் டப்பாக்களில் ஊற்றி வைத்தால் பெரிய கட்டியாக வரும், பெரிய கட்டி மெதுவாகத்தான் கரையும். வெளியே விற்கிற பார் ஐஸை உள்ளே போடவே கூடாது. மீனை அடுக்கவும் மற்ற வேலைகளுக்கும் செய்கிற ஐஸ் குடிநீரில் செய்யப்படுவதில்லை. சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூன் முதல் விதி கொண்டுவந்ததே இரண்டும் கலந்து போகக் கூடாது என்பதற்காகத்தான். வெள்ளையாக இருக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். அந்த ஐஸுக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

விசேஷத்தன்று

மாலை ஐந்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணிக்கு நுங்கை எடுங்கள். ஒரு பாத்திரம் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் பழுப்புத் தோல் இளகி விரலாலேயே உரிந்துவரும். தோலில் சத்து இருக்கிறது என்று சொல்லி அப்படியே சாப்பிடுகிறவர்கள் உண்டு, சாப்பிடலாம், ஆனால் சர்பத்தில் அதன் துவர்ப்பு இறங்கிவிடும். உரித்த நுங்கை ஒரு கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நறுக்குங்கள், உள்ளே இருக்கிற தண்ணீர் சிந்தாமல் கிண்ணத்தில் விழட்டும், அதையும் சர்பத்தில் சேர்க்கப் போகிறோம். சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டு போதும். கொஞ்சம் நன்னாரி சிரப் விட்டுக் கிளறி ஃபிரிட்ஜில் வைத்தால் இனிப்பு உள்ளே ஊறியிருக்கும், இல்லாவிட்டால் சர்பத்தில் மிதக்கும்போது நுங்கு சப்பென்று தெரியும்.

பிறகு எலுமிச்சை. பழத்தை உள்ளங்கையால் மேடையில் அழுத்தி உருட்டிவிட்டு வெட்டினால் சாறு சுலபமாக வரும். கடைசிச் சொட்டு வரை நசுக்காதீர்கள், விதையும் தோலும் நசுங்கினால் கசப்பு. சாற்றை வடித்து, உப்பைச் சேர்த்துக் கரைத்து, கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜுக்குள்.

மூன்றரை, நாலு மணிக்கு மிக்ஸியை எடுங்கள். குளிர்ந்த தர்பூசணியை முக்கால் ஜார் போட்டு, ஓடவிடாமல், இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஒரு திருப்பு திருப்பினால் போதும். தர்பூசணி அவ்வளவு மென்மை. தொடர்ந்து ஓடவிட்டால் கறுப்பு விதை உடைந்து மணல் மாதிரி நறநறக்கும், கசப்பும் லேசாக ஏறும், மேலே இரண்டு அங்குலத்துக்கு நுரை நிற்கும். கரண்ட் போய்விட்டதா, பருப்பு மத்தால் கடையுங்கள், உண்மையில் அதில்தான் விதை உடையாமல் இன்னும் நன்றாக வரும். வடிகட்டுவதற்குப் பெரிய கண் உள்ள வடிகட்டி வேண்டும். டீ வடிகட்டியில் வடித்தால் சதை முழுக்க மேலே நின்று கீழே சிவப்புத் தண்ணீர்தான் இறங்கும். வடித்ததை உடனே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் எதிலும் எலுமிச்சை சேர்ந்ததை வைக்கக் கூடாது, புளிப்பு உலோகத்தைக் கரைக்கும், ருசியும் கெடும், உடம்புக்கும் ஆகாது.

நாலே முக்காலுக்குக் கலவை. முழுவதையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள், பாதி போதும். சாறு பாதி, நன்னாரி பாதி, நுங்குத் தண்ணீர், பிறகு இந்தப் பாதிக்கான எலுமிச்சைச் சாற்றில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றி ருசி பாருங்கள். பழத்துக்குப் பழம் இனிப்பு மாறும், எலுமிச்சைக்கு எலுமிச்சை புளிப்பு மாறும், அதனால் நான் சொன்ன அளவு தொடங்குவதற்குத்தான், முடிவு உங்கள் நாக்கு. ஜில்லென்று இருக்கும்போதுதான் ருசி பார்க்க வேண்டும், ஏனென்றால் குளிர்ச்சியில் இனிப்பு அடங்கித் தெரியும். அறைச் சூட்டில் சரியாக இருந்தது, குளிர்ந்ததும் சப்பென்று இருக்கும். குடிநீரைக் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக. சாறு கெட்டியாக இருந்தால் இரண்டு பாதிக்கும் சேர்த்து முழு ஒன்றரை லிட்டரும் போகும், தண்ணீர்ப் பழமாக இருந்தால் மொத்தம் ஒரு லிட்டரோடு நிறுத்திவிடுங்கள். புதினா போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை, நன்னாரியின் வாசனையை அது அமுக்கிவிடுகிறது. தோல் சீவிய இஞ்சி ஒரு சின்னத் துண்டு தட்டிப் போட்டுக் கலக்கி எடுத்துவிட்டால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அது உங்கள் இஷ்டம்.

இப்போது அந்தப் பார் ஐஸ். மொட்டைமாடியிலோ அபார்ட்மெண்ட் ஹாலிலோ வைத்துக் கொடுக்கப் போகிறீர்கள், ஃபிரிட்ஜ் பக்கத்தில் இல்லை என்றால், ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் பத்து கிலோ ஐஸை உடைத்துப் போட்டு, ஒரு கிலோ கல் உப்பைத் தூவி, நடுவில் சர்பத் பாத்திரத்தை இறக்குங்கள். உப்பு பட்ட ஐஸ் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போகும், குல்பிக்காரர்கள் பானைக்குள் செய்வதும் இதேதான். பாத்திரத்தின் வாய் டப்பைவிட உயரமாக இருக்கட்டும், மூடியும் இருக்கட்டும், அந்த ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே தெறிக்கக் கூடாது.

கொடுக்கும்போது

குழாய் வைத்த டிரம்மில் ஊற்றினால் கொடுப்பது சுலபம், ஆனால் நுங்கையும் உறைந்த துண்டுகளையும் டிரம்முக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். டம்ளரில் முதலில் ஒரு கரண்டி நுங்கு, இரண்டு உறைந்த தர்பூசணித் துண்டு, அதன்மேல் சர்பத், இந்த வரிசை போதும். கரண்டியால் மொண்டு ஊற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கலக்கிவிட்டு மொள்ளுங்கள். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் மோரும் பானகமும் கொடுக்கிற பந்தல்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அத்தனை கூட்டத்துக்கும் தடையில்லாமல் போவதற்குக் காரணம் ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருப்பார், நீட்டுகிறவர் நீட்டிக்கொண்டே இருப்பார். வீட்டிலும் அப்படி ஒருவர் ஊற்ற, ஒருவர் கொடுக்க, ஒருவர் டம்ளர் கழுவ என்று பிரித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரே மூன்றையும் செய்தால் வந்தவர்களோடு நாலு வார்த்தை பேச முடியாது.

டம்ளர் என்றேன், எவர்சில்வர் டம்ளரைத்தான் சொன்னேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை தூக்கி எறிகிற பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப், ஸ்ட்ரா எல்லாம் தடை. வாடகைப் பாத்திரக் கடையில் ஐம்பது டம்ளர் எடுத்தால் சொற்பக் காசுதான் ஆகும். குளிர்ச்சியும் உதட்டில் பட்டவுடனே தெரியும்.

நேரக் கணக்கில் மட்டும் கறாராக இருங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போது வெட்டிய பழத்தையோ சாற்றையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, சென்னையில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பகலில் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது, கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். பாதி பாதியாகக் கலக்கச் சொன்னது இதனால்தான். முதல் பாதி தீர்ந்ததும் பாத்திரத்தைக் கழுவிவிட்டு அடுத்த பாதியைக் கலக்குங்கள், பழையதன் மேலேயே புதியதை ஊற்ற வேண்டாம்.

எல்லோரும் ஒரே மாதிரி குடிக்க மாட்டார்கள். தாத்தா, பாட்டிகள் "எனக்கு ஐஸ் போடாதேம்மா" என்பார்கள், அவர்களுக்காக ஒரு ஜக்கை ஃபிரிட்ஜிலிருந்து முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நன்னாரி சிரப்பும் தர்பூசணிச் சாறும் இரண்டுமே ஏற்றிவிடும். சிரப் படாத நுங்கைக் கொஞ்சம் தனியாக எடுத்துவைத்து, எலுமிச்சை, உப்பு, குளிர்ந்த தண்ணீர் சேர்த்துக் கொடுத்தால் அவர்களும் எல்லோரோடும் சேர்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். கூட்டத்தில் தான் மட்டும் வெறும் தண்ணீர் குடிப்பது யாருக்கும் மனசுக்கு நன்றாக இருக்காது, இந்த ஒரு ஜக்கைத் தயவுசெய்து மறக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு டாக்டர் தண்ணீருக்கும் பொட்டாசியத்துக்கும் அளவு வைத்திருப்பார், தர்பூசணியில் இரண்டும் உண்டு, அவர்களிடம் கேட்காமல் வற்புறுத்தி ஊற்ற வேண்டாம்.

மிஞ்சினால், கலக்காத சாறாக இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மதியத்துக்குள் குடித்துவிடலாம், அல்லது குச்சி ஐஸ் அச்சில் ஊற்றினால் பிள்ளைகள் அடுத்த நாளே காலி செய்துவிடுவார்கள். வெளியே இருந்து மிஞ்சிய சர்பத்தைச் சேமிக்காதீர்கள். தர்பூசணித் தோலின் வெள்ளைப் பகுதியைப் பச்சைத் தோல் சீவி நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் சுரைக்காய்க் கூட்டு போலவே இருக்கும். பிழிந்த எலுமிச்சை மூடிகளை நாலாக நறுக்கி, கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு ஜாடியில் அடைத்து, இன்னும் இரண்டு பழத்தின் சாற்றை மேலே பிழிந்து, தினமும் ஒரு முறை குலுக்கி வெயிலில் வையுங்கள். தோல் மெத்தென்று ஊறியதும் மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, பெருங்காயம் சேர்த்து நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தயார்.